ஹெரால்டின் கிளட்ச்

பழைய கார் ஒன்றைப் புதுப்பித்து நிறுத்தினால் எல்லோரும் முதலில் பார்ப்பது பெயின்ட்டை. அப்புறம் பம்பர், சீட், டேஷ்போர்டு. கூட்டம் கூடுவதும் படம் எடுப்பதும் இவற்றைச் சுற்றித்தான். என்னைக் கேட்டால், அந்தக் காரை மாலை ஆறு மணிக்கு பெங்களூரின் ஓசூர் ரோட்டில் சந்தாபுராவுக்கு ஓட்டி வரச் சொல்வேன். ஆனேக்கல் பக்கம் திரும்பும் வண்டிகள், அத்திப்பள்ளி போகும் லாரிகள், பொம்மசந்திராவிலிருந்து வரும் கம்பெனி பஸ்கள் எல்லாம் நெருக்கியடிக்கும் நேரம் அது. அரை மணி நேரம் அங்கே ஊர்ந்துவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, கறமுறவென்று சத்தம் வராமல் ரிவர்ஸ் விழுந்தால் அது நல்ல வேலை. இன்று நான் பாராட்டிப் பேச வந்திருப்பது அந்த வேலையைத்தான். ஒன்றுக்கொன்று சேராத கிளட்ச் பாகங்களைக் கண்டுபிடித்துச் சேர வைக்கும் வேலை.

நம் சென்னைக் காரையே எடுத்துக்கொள்வோம். வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து 1961-ல் வந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் மூலம் 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு; உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அங்கே அந்தக் காரின் எஞ்சின் 948 சி.சி.யில் தொடங்கி 1147, பிறகு 1296 என்று வளர்ந்தது. இங்கே கடைசிவரை 948-தான்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. அங்கே எஞ்சின் வளர்ந்தபோது கிளட்ச்சும் மாறியது. ஆரம்பகால ஹெரால்டில் பிரஷர் பிளேட்டை அழுத்திப் பிடித்தவை சுருள் ஸ்பிரிங்குகள். பிளேட்டின் விட்டம் ஆறேகால் அங்குலம். பிற்காலத்தில் வந்தது தட்டுப் போன்ற ஒற்றை டயஃப்ரம் ஸ்பிரிங், ஆறரை அங்குலம். இரண்டுக்கும் ஃபிளைவீல் வேறு, அதில் போல்ட் துளைகள் இருக்கும் இடம் வேறு, ரிலீஸ் பேரிங் போய் உட்காரும் முகமும் வேறு. ஆனால் பெட்டியின் மேல் எழுதியிருப்பது ஒரே பெயர்: ஹெரால்டு கிளட்ச். பெங்களூர் ஜே.சி. ரோட்டிலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய சரக்கைத் தேடி எடுத்தாலும் சரி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் சரி, பிளேட் ஒரு காலத்தையும் பேரிங் இன்னொரு காலத்தையும் சேர்ந்ததாக வந்து சேர்வது சாதாரணம். போதாததற்கு, இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் கிடைத்ததை லேத் பட்டறையில் கடைந்து மாட்டி ஓட்டியிருப்பார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வண்டிகள் இன்றைக்கு உயிரோடு இருப்பதே அவர்கள் புண்ணியத்தில்தான். ஆனால் அவர்கள் என்ன மாற்றினார்கள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

சந்தாபுராவில் ஒரு ஷெட்டில் இந்த வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். புது செட் மாட்டியும் கிளட்ச் விடவில்லை என்று வந்த வண்டி. எஞ்சின் நிற்கும்போது எல்லா கியரும் வழுக்கிக்கொண்டு விழுகின்றன. ஸ்டார்ட் செய்துவிட்டால் முதல் கியரும் ரிவர்ஸும் பல்லைக் கடிக்கின்றன. அந்தக் காலத்து ஹெரால்டில் இந்த இரண்டுக்கும் கியரை உரசாமல் இணைக்கும் சிங்க்ரோ கிடையாது. அதனால் கிளட்ச்சின் குறையை முதலில் சொல்பவை இவைதான். உரிமையாளர் கியர் பாக்ஸை இறக்கிவிடலாம் என்றார். மெக்கானிக் கேட்கவில்லை. "இருங்க சார், முதல்ல அளந்துடலாம்" என்று ஸ்கேலை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்த்தார். எண்ணெய்ச் சிலிண்டர்கள் கொடுக்கவேண்டிய தூரத்தைக் கொடுக்கின்றனவா, அல்லது கோளாறு உள்ளே இருக்கிறதா என்பது இந்த ஒரு அளவிலேயே பிரிந்துவிடும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்தபின் தூரம் கூடினால் குழாயில் காற்று இருக்கிறது. எத்தனை முறை மிதித்தாலும் அதே குறைந்த தூரம் என்றால் சிலிண்டரின் அளவையே சந்தேகப்பட வேண்டும்.

இந்த அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலத் துளை இருக்கவேண்டிய, பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் ஐந்து நூல் துளை உள்ளதை மாட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஒரே நூல், மூன்று மில்லிமீட்டர் சொச்சம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் தள்ளப்படும் எண்ணெயின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முப்பத்தாறு பங்கு தள்ளவேண்டிய இடத்தில் இருபத்தைந்து பங்குதான் போகும். புஷ் ராடின் ஓட்டத்தில் முப்பது சதவீதம் போய்விட்டது. பெடல் மட்டும் மெத்தென்று இருக்கும். ஓட்டுபவர் சந்தோஷப்படுவார், கியர் கதறும். இதற்குப் புஷ் ராடை நீளமாக்கி வெல்டு வைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். அது வைத்தியமே அல்ல. ராடின் நீளம் கூடினால் தள்ளும் தூரம் கொஞ்சமும் கூடாது. இடைவெளி வைத்து ஓடவேண்டிய அமைப்பாக இருந்தால் அந்த இடைவெளி போய், பேரிங் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். இப்படிச் செய்து காசு வாங்குவது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம்.

அன்றைக்கு அளவு சரியாகவே இருந்தது. ஆகவே கோளாறு உள்ளே. ஹெரால்டில் இதற்கு ஒரு வசதி உண்டு. எஞ்சினைத் தொடாமல், காருக்குள் இரண்டு சீட்டுக்கும் நடுவிலுள்ள மூடியைக் கழற்றி, கியர் பாக்ஸை உள்பக்கமாகவே வெளியே எடுத்துவிடலாம். எடுத்த பிறகு அவர் செய்ததுதான் என்னை இந்த உரைக்கே தூண்டியது. பிரஷர் பிளேட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். கிளட்ச் பிளேட்டைத் தனியாக எடுத்து கியர் பாக்ஸ் தண்டில் செருகினார். இறுக்கமும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் அது கையாலேயே நகர வேண்டும், நகர்ந்தது. பிறகு பிளேட்டை ஃபிளைவீல் மேல் வைத்துக் கையால் சுற்றினார். லேசாக ஓர் உரசல் கேட்டது. திருப்பிப் பார்த்தால், பிளேட்டின் நடுவிலிருக்கும் ஸ்பிரிங் புடைப்பு ஃபிளைவீல் போல்ட்டின் தலையில் தேய்ந்து பளபளவென்று ஒரு கோடு. பிளேட் விட்டம் சரி, பல் எண்ணிக்கை சரி, புடைப்பின் உயரம்தான் வேறு வண்டியுடையது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் அந்த பிளேட் ஃபிளைவீலை விட்டுப் பிரியாது. "புதுசுன்னா சரின்னு அர்த்தமில்ல சார்" என்றார், அவ்வளவுதான்.

அதோடு நிறுத்தாமல் மற்றதையும் பார்த்தார். பிரஷர் பிளேட்டை மாட்டி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, அதன் மூன்று லீவர்களும் ஃபிளைவீல் முகத்திலிருந்து ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று அளந்தார். ஒன்று தாழ்ந்திருந்தால் பிளேட் ஒருபக்கமாகப் பிரியும்; வண்டி கிளம்பும்போது உதறும். ஃபிளைவீலை யாராவது லேத்தில் முகம் சீவியிருக்கிறார்களா என்றும் பார்த்தார். சீவியிருந்தால் மொத்த செட்டும் அந்த அளவு பேரிங்கைவிட்டுத் தள்ளிப் போயிருக்கும். எஞ்சின் தண்டின் முனையிலுள்ள சின்ன வெண்கல புஷ்ஷையும் விரலை விட்டுச் சோதித்தார். அது இறுகினால், கிளட்ச் ஒழுங்காகப் பிரிந்தாலும் கியர் பாக்ஸ் தண்டு எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும். நல்ல கிளட்ச்சைக் குற்றம் சொல்லி மூன்றாவது செட் வாங்கவைப்பது பெரும்பாலும் இந்தப் புஷ்தான் என்பது என் கணிப்பு.

இதே சாலையில் எல்லை தாண்டினால் ஓசூர். அங்கே ஓர் ஆலையில் இன்றைய வண்டிகளுக்கும் டிராக்டர்களுக்கும் லுக் என்ற பெயரில் கிளட்ச் செய்கிறார்கள். பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் ஒரே பெட்டியில், ஒன்றுக்கொன்று பார்த்துச் செய்ததாக வரும். மாட்டுபவர் யோசிக்க வேண்டியதில்லை. ஹெரால்டுக்கு அந்தப் பெட்டி இல்லை. அந்த ஆலையில் பலர் பிரித்துச் செய்யும் சோதனையை இங்கே ஒரே ஆள், ஒரு வெர்னியரும் ஒரு ஸ்கேலும் வைத்துக்கொண்டு செய்கிறார். இதை நான் கலை என்று சொல்வது அதனால்தான்.

அப்படியானால் டயஃப்ரம் செட்டையே மாட்டலாமா என்று கேட்பீர்கள். ஐம்பது வருடம் கடந்த வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது அது. அதையும் மனதில் வைத்து என் கருத்து: சுருள் ஸ்பிரிங் செட் முழுதாகக் கிடைத்தால் அதுதான் மரியாதை. கிடைக்கவில்லை என்றால் ஃபிளைவீல் முதல் பேரிங் வரை மொத்தமும் டயஃப்ரம் செட்டாகவே மாற்றி, பழைய ஃபிளைவீலைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். பாதி அது, பாதி இது என்று மட்டும் வேண்டாம்.

வீட்டில் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உள்ளே படிந்திருக்கும் கருந்தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் பிளேட்டின் விட்டம், பல் எண்ணிக்கை, புடைப்பு எந்தப் பக்கம், மாஸ்டர், ஸ்லேவ் இரண்டின் துளை, புஷ் ராடு நகரும் தூரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். அடுத்து அந்தக் காரைத் திறப்பவருக்கு அது வேண்டும்.