வில்லின் வயதும் விலையும்



ஒரு பொருளின்மீது ஓர் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பின், அப்பொருள் அவ்வாண்டிலேயே செய்யப்பட்டது என்று கொள்வது மனித இயல்பு. அவ்வியல்பு நம்மை எங்ஙனம் ஏமாற்றக்கூடும் என்பதற்கு அமெரிக்க வேட்டை விற்கள் நல்ல சான்றாகும்.

நாண் பூட்டாத நிலையில் நுனிகள் எய்பவனுக்கு அப்புறமாக வளைந்து நிற்கும் வில்லை மறுவளைவு வில் எனலாம். மரத்தையும் கண்ணாடியிழையையும் அடுக்காக ஒட்டிச் செய்த இவ்வகை விற்கள் 1950களிலும் 1960களிலும் ஐக்கிய அமெரிக்காவில் பெருந்தொகையாக விற்பனையாயின. அவற்றுட் பெயர் பெற்றவை, பிறெட் பெயார் என்பவர் மிச்சிக்கன் மாநிலத்துக் கிறேலிங் நகரில் நடத்திய தொழிற்சாலையின் விற்கள். 1969ஆம் ஆண்டு அலன் என்பவர் உருளைகள் பூட்டிய கூட்டு வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் வேட்டைக்காரருட் பெரும்பாலோர் அதனை நாடவே, பழைய விற்கள் பரண்களிற் கிடந்தன. தந்தை மறைந்தபின் அவற்றைக் கண்டெடுக்கும் பிள்ளைகள், "இது எக்காலத்தது? என்ன விலை பெறும்?" என்று வினவுகின்றனர்.

வில்லைத் திருப்பிப் பார்த்தால் "கனடா 1953" என்ற சொற்கள் தென்படும். உடனே, "இது 1953ஆம் ஆண்டு வில்" என்று முடிவு கட்டிவிடுகின்றனர். உண்மையில் அது கனடாவிற் பெற்ற காப்புரிமையின் ஆண்டே. 1960களிற் செய்த விற்களிலும் அதே சொற்கள் உள்ளன.

அவ்வாறாயின் வயதை எப்படி அறிவது? முதலாவதாக, கைப்பிடியிற் பதித்த நாணயம் போன்ற வட்டத் தகட்டைப் பார்க்கவேண்டும். அது 1959இல் செம்பில் தொடங்கி, அடுத்த ஆண்டு அலுமினியமாயிற்று. பின்னரும் உலோகம் மாறிற்று. 1972 வரை மரத்தோடு மட்டமாய் அமைந்த தகடு, 1973 முதல் மேலெழும்பி நின்றது. ஆகவே, தகடு பதித்த வில் 1953க்கு உரியதன்று. இரண்டாவதாக, தொடர் எண்ணைப் பார்க்கவேண்டும். 1965 முதல் 1969 வரை அவ்வெண்ணின் முதல் இலக்கமே ஆண்டின் கடைசி இலக்கமாகும். மூன்றாவது, ஊர்ப் பெயர். தொழிற்சாலை 1978இல் புளோரிடாவின் கெயின்ஸ்வில் நகருக்குப் பெயர்ந்தது. அவ்வூர்ப் பெயர் தாங்கிய வில் அதற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது.

இனி விலை. முதுமை மட்டும் விலையாகாது. "கிறிஸ்லி" போன்ற மாதிரிகள் ஏராளமாகச் செய்யப்பட்டவை. 1950களின் "கொடியாக்" விற்களையோ சேகரிப்போர் தேடுகின்றனர். 1954இல் செய்த கொடியாக் சிலவற்றின் கைப்பிடியிற் சிறிய திசைகாட்டியும் உண்டு. எனினும், மாதிரி எதுவாயினும் கண்ணாடியிழையில் வெடிப்போ, ஒட்டு விட்ட இடமோ, வில்லின் கைகளில் முறுக்கோ இருப்பின், அது சுவரில் தொங்கவிடவே உதவும். புதிதாகத் துளையிட்டதும் மெருகு பூசியதும் விலையைக் குறைக்கும். இன்றும் எய்ய விரும்புவோர் நாற்பது முதல் ஐம்பது இறாத்தல் வரையிலான இழுவிசையையே பெரிதும் நாடுவர்.

வில்லைச் சோதிக்கும்போதும் கவனம் வேண்டும். மறுவளைவு வில்லை அதன் இயற்கை வளைவுக்கு எதிர்ப்புறமாகவே வளைத்து நாணேற்றவேண்டும். அறியாதார் வளைந்த பக்கமே மேலும் வளைத்து, ஒரு கணத்தில் அதனை முறித்துவிடுகின்றனர். அம்பின்றி நாணை இழுத்து விடுதலும் கேடே. பழைய வில்லுக்கு நெகிழ்ச்சியுள்ள டாக்ரன் நாணே பொருந்தும். நெகிழாத புதுவகை நாண் அதன் நுனிகளைப் பிளக்கக்கூடும்.

நேயர்களே, இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு நுட்பங்கள் அல்ல. கணவனின் வில்லை விற்க வரும் முதியவள் ஒருத்திக்கு அதன் மதிப்புத் தெரியாது, வாங்குபவனுக்குத் தெரியும். அரிய வில்லை அற்ப விலைக்குப் பறிப்பதும், சாதாரண வில்லை "1953" என்று காட்டி இளைஞன் ஒருவனிடம் பெருவிலை கொள்வதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். அறிவு உள்ள இடத்தில் நேர்மையும் இருந்தாலன்றி வாணிபம் சூதாகிவிடும்.

எழுதப்பட்ட ஓர் எண்ணை மட்டும் நம்பாது, தகடு, எண், ஊர், நிலை என்ற சான்றுகள் யாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே தீர்ப்புக் கூறுதல் வேண்டும். வரலாறு கற்பவனுக்கு உரிய அவ்வொழுக்கம் பழைய வில்லொன்றை விலை பேசுபவனுக்கும் உரியதே.