அப்பாவும் அங்கன்வாடிக்குப் போகலாம்

 

பிள்ளை வளர்ப்பு என்றால் அம்மாக்களைக் கூப்பிட்டுப் பேசுவது வழக்கம். இன்று நான் அப்பாக்களிடம் பேசப் போகிறேன். வாசலில் நிற்கிற அண்ணன்மார்கள் உள்ளே வந்து உட்காருங்கள்.

நம் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட் உங்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே லாரிகள் வந்துவிடும். மூட்டை இறக்குகிற வேலை அந்த நேரத்தில்தான். நம் படிப்பு மையத்துக்கு வரும் ஓர் அண்ணன் அங்கே ஹமாலி. சேலம் பக்கத்திலிருந்து வந்தவர். போன வருடம் அவர் மனைவி இறந்துவிட்டார். வீட்டில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. மூன்று வயது முடிந்த பையன் ஒருவன். ஊரில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

முதலில் பையனை மார்க்கெட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார். வெங்காயச் சாக்கை விரித்து அதில் உட்கார வைத்தார். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் பையனைக் காணோம். நின்றிருந்த லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வண்டி எடுக்கும் நேரம். கிளீனர் பார்த்துவிட்டுக் கத்தினார். பிள்ளை பிழைத்தான்.

அடுத்து ஒரு தனியார் காப்பகத்தில் விசாரித்தார். கேட்ட பணம் அவர் கூலியில் பாதி. கடைசியில் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளை வீட்டில் வைத்தார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “தம்பி, நான் இங்கே கையெழுத்துப் போடப் பழகுகிறேன். என் மகள் மறந்துகொண்டிருக்கிறாள்.” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. பெண்கள் வேலை செய்யும் ஆலையில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அதைத் திருத்தினார்கள். 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்றார்கள். 1996இல் கட்டடத் தொழிலாளர் சட்டம் வந்தது. அது 50 பெண்களுக்கு மேல் என்றது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் எண்ணியது பெண்களை மட்டும். ஆயிரம் ஆண்கள் வேலை செய்தாலும் அவர்களுக்குப் பிள்ளை உண்டு என்று யாரும் நினைக்கவில்லை. 2006இல் மத்திய அரசு ஒரு காப்பகத் திட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரிலேயே ‘வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் குழந்தைகள்’ என்று இருந்தது.

2017இல் கொஞ்சம் மாறியது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு சட்டத்தில் சேர்த்தார்கள். இதில் ஆண், பெண் எல்லோரையும் எண்ணலாம். ஆனாலும் நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கும் உரிமையை அம்மாவுக்குத்தான் எழுதினார்கள். சரி, அதுவும் நம் ஹமாலி அண்ணனுக்கு உதவாது. இன்று ஒரு கடை மூட்டை, நாளை வேறு கடை மூட்டை. அவருக்கு முதலாளி யார்?

அவருக்குக் கைகொடுத்தது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய திட்டம் இது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் அங்கே உட்காரலாம், விளையாடலாம், சாப்பிடலாம். பணம் கிடையாது. அண்ணன் இரண்டு தடவை போய் வாசலோடு திரும்பிவிட்டார். உள்ளே எல்லாம் பெண்கள். “அம்ம ராலேதா?” என்று ஒருவர் கேட்டாராம். இவருக்கு வாய் வரவில்லை. மூன்றாம் தடவை நான் கூடப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் பையன் பெயரை எழுதிக்கொண்டார். அம்மாதான் வந்து சேர்க்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, அண்ணன்மார்களே. வெட்கப்பட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. அங்கன்வாடி திறப்பது காலையில். இவர் வீட்டை விட்டுப் புறப்படுவது இருட்டில். நடுவில் இருக்கும் நேரத்துக்கு என்ன செய்வது? அதே சந்தில் மார்க்கெட் வேலைக்குப் போகும் வீடுகள் ஐந்து. எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். வயதானவர், ஆனால் கண் நன்றாகத் தெரியும். வீட்டுக்கு நாளைக்கு 30 ரூபாய். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து 150 ரூபாய். பிள்ளைகள் பாட்டி வீட்டில் தூங்குவார்கள். எழுந்ததும் பாலைக் காய்ச்சிக் கொடுத்து, அங்கன்வாடி திறந்ததும் பாட்டியே கொண்டுபோய் விடுவார். மதியம் வேலை முடிந்து வருகிறவர் கூட்டி வருவார். வேலை இல்லாத நாளில் பணம் உண்டா இல்லையா என்று முதல் வாரமே சண்டை வந்தது. பாதி கொடுப்பது என்று முடிவானது. அதை ஒரு நோட்டில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பேர் நம் மையத்தில் படித்தவர்கள். எனக்கு அன்று ஒரே பெருமை!

மூன்று வயது ஆகாத பிள்ளைக்கு வழி குறைவு. அங்கன்வாடியில் பாலாம்ருதம் மாவு கொடுப்பார்கள். பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். இதற்காகத்தான் 2022 முதல் ‘பால்னா’ என்ற திட்டம் நடக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் அது. சில அங்கன்வாடிகளோடு சேர்த்தே நடத்துகிறார்கள். எல்லா இடத்திலும் இல்லை. இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். எழுதிக் கேளுங்கள். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு இப்படி எழுதலாம்:

“ஐயா / அம்மா, எங்கள் தெருவில் வேலைக்குப் போகும் குடும்பங்கள் இத்தனை. ஆறு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இத்தனை. அப்பா மட்டும் வளர்க்கும் வீடுகள் இத்தனை. எங்கள் அங்கன்வாடியோடு ஒரு காப்பகம் வேண்டும்.”

கீழே எல்லோரும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்பாக்கள் வீட்டைத் தனியாக எண்ணி எழுத மறக்காதீர்கள். ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, நின்றுபோன பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. இவள் மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். கணக்கில் கொஞ்சம் பின்தங்கி இருக்கிறாள். சாயங்காலம் அப்பாவோடு நம் மையத்துக்கு வருகிறாள். அவர் நோட்டில் தப்பு இருந்தால் அவள்தான் முதலில் சிரிக்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் தெருவுக்கு அந்த மனுவை எழுதப் போகிறோம். பேனாவோடு வாருங்கள். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வரலாம்.