இளைஞரும் பொட்டலப் பழக்கமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

முத்தமிழ் முழங்கும் மேடையில் புகையிலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இம்மும்பை மாநகரில் நம் பிள்ளைகள் நடமாடும் வழியிலெல்லாம் அது விலைக்குக் கிடைக்கிறது. ஆதலின் பேசவே வேண்டியிருக்கிறது.

மகாராஷ்டிர அரசு 2012ஆம் ஆண்டில் குட்காவைத் தடை செய்தது. தடை வந்தபின் நாட்டின் பல பகுதிகளில் வணிகர் கண்ட உபாயம் யாதெனில், பாக்குத் தூளை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை வேறொரு பொட்டலத்திலும் அடைத்து அருகருகே விற்றலாம். வாங்குவோன் வாயில் இரண்டும் கூடிப் பழைய குட்காவே ஆகிவிடுகின்றன.

"வெறும் பாக்குத்தானே" என்று நம்மவர் கூறும் சமாதானம் ஒன்றுண்டு. தாம்பூலம் நமக்கு மங்கலப் பொருள். அதனை இகழ நாம் வரவில்லை. ஆயினும் புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் முடிவு கூறியுள்ளது. பாக்குத் தூளை நாள்தோறும் அடக்கும் இளைஞர் பலருக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகுகிறது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு வாய் திறக்கும் அளவு குறையும். முற்றினால் இரு விரல் நுழையவும் இடமிராது. பழக்கத்தை விட்டாலும் அது முன்போல் இளகுவது அரிது. சிலருக்குப் புற்றாகவும் மாறும். இட்லியைப் பிட்டுத் திணிக்க வேண்டிய நிலை இருபது வயதில் வருவது என்ன கொடுமை!

18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்பதையும், கல்விக்கூடத்தினின்று 100 கஜத்துக்குள் விற்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியிருக்கிறது. ஆயினும், "தம்பி, கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வா" என்று பிள்ளையை ஏவும் பெரியவர்கள் நம் குடியிருப்புகளில் இல்லையா? கடைக்காரருக்கும் பிள்ளைக்கும் முதல் அறிமுகம் செய்து வைப்பவர் அவரே. (முன்வரிசையில் சிலர் நகைப்பது நமக்குத் தெரிகிறது.)

ஆண்டுக்கொரு முறை புத்திமதி கூறுவதால் பெரும்பயன் இல்லை என்பது நம் கருத்து. ஓர் அறையே வீடாக உள்ள சாலில், தந்தை இரவு வேலைக்காகப் பகலில் உறங்குகையில், பையன் எங்கே நிற்பான்? தெருமுனையில் நிற்பான், அங்கே எதிரில் இருப்பது பான் கடை. ஆதலின் நம் சங்க மண்டபத்தை வாரத்தில் மூன்று மாலையேனும் இளைஞர்க்குத் திறந்துவிட வேண்டுகிறோம். மாலை வேளையில் மண்டபத்தை வாடகைக்கு விட்டால் வருவாய் உண்டென்பதை அறிவோம். அவ்வருவாயில் ஒரு பகுதியை இழக்கச் சங்கம் துணிய வேண்டும். கேரம் பலகை இரண்டு, சடுகுடுவுக்குப் பின்முற்றம், நூலகத்தின் திறவுகோல்: இவை போதும் தொடங்குவதற்கு.

பழக்கத்தில் வீழ்ந்துவிட்ட பிள்ளையை அடிப்பதாலோ, ஊருக்கு அனுப்புவதாலோ தீராது; பொட்டலம் ஊரிலும் கிடைக்கிறது. புகையிலையை விட விழைவோர் 1800112356 என்ற எண்ணிலும், பிற போதைகளுக்கு 14446 என்ற எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். அவ்விரு எண்களையும் மண்டப வாயிலில் எழுதி வைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம். மாலை நேரங்களில் மேற்பார்வைக்கு முன்வரும் அன்பர்கள் இவ்விழா முடிந்ததும் அவரிடமே பெயர் கொடுக்கலாம்.