பலகையை அழித்தோம், அடுப்பு யாரிடம் இருக்கிறது?

(உணவகத் தொழிலாளர்கள் கலந்துகொண்ட சாதி ஒழிப்புக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓட்டல் சமையலறைக்குள் என்ன நடக்கிறது என்று சொன்னால் போதும் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர் கேட்டுக்கொண்டார். முப்பது ஆண்டுகளாக நான் அதற்குள்தான் இருக்கிறேன். பதின்மூன்று வயதில் மேசை துடைக்கும் கிளீனராகச் சேர்ந்தேன். பாத்திரம் கழுவினேன், வெங்காயம் உரித்தேன், மாவாட்டினேன், புரோட்டா போட்டேன். இப்போது மாஸ்டர். என்னைப் போன்ற சிறுவர்களை ஓட்டலிலும் டீக்கடையிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபரில்தான் வந்தது. நான் சேர்ந்தபோது, ஓட்டலில் சிறுவன் வேலை செய்வதை யாரும் செய்தியாகக்கூட நினைக்கவில்லை.

முதலில் ஒரு நாளைச் சொல்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு பற்றவேண்டும். ஐந்தரைக்குள் சாம்பார் இறங்க வேண்டும், ஆறு மணிக்கு முதல் ஈடு இட்லி. எட்டிலிருந்து பத்து வரை யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நாலு நெய் ரோஸ்ட்", "ரெண்டு பொங்கல் பார்சல்", "சட்னி எங்கடா" என்று கத்தல்தான். இப்போது அதற்கு மேல் ஆன்லைன் ஆர்டர் மிஷின் வேறு கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கிறது. பதினொன்றுக்குச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். மூன்று மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் படுக்கலாம். மாலையில் புரோட்டா கல் சூடாகும். கடை அடைத்துக் கழுவி முடிக்க இரவு பதினொன்று. படுக்கை மொட்டை மாடியில், மழை வந்தால் மேசைகளை ஒட்டிப் போட்டு அதன் மேல்.

உணவு நிறுவனங்களுக்கென்றே 1958-இல் இங்கே தனிச் சட்டம் போட்டார்கள். வேலை நேரம், ஓய்வு, வார விடுமுறை எல்லாம் அதில் உண்டு. கடைகளில் நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தினார்கள். நான் வேலை பார்த்த எந்தச் சமையலறையிலும் உட்கார ஒரு ஸ்டூல் இருந்ததில்லை.

வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு இது ஒரே குழப்பமாகத் தெரியும். கத்தல், கெட்ட வார்த்தை, புகை, கொதிக்கும் எண்ணெய். ஆனால் இந்தக் குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. யார் கை எதைத் தொடலாம் என்பதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

பின்கட்டில், தண்ணீர் தேங்கும் இடத்தில், பாத்திரம் கழுவுபவர் நிற்பார். நாள் முழுதும் ஈரத்தில் நிற்பதால் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். எங்கள் ஊரில் நடவு வயலில் நின்ற என் அம்மாவுக்கு வந்த அதே புண். வயலை விட்டு நகரத்துக்கு வந்தோம், புண்ணும் கூடவே வந்தது. எச்சில் இலை எடுப்பவர், கழிவறை கழுவுபவர், சாக்கடை அடைத்தால் கையை விடுபவர் எல்லாரும் அந்தப் பின்கட்டைச் சேர்ந்தவர்களே. அதற்கு முன்னால் காய் நறுக்கும் பெண்கள். வீட்டில் சமையல் முழுதும் பெண்ணின் தலையில், ஓட்டலில் சம்பளத்தோடு கரண்டி பிடிப்பது மட்டும் ஆண். அவர்களுக்கும் முன்னால் தோசை மாஸ்டர், சரக்கு மாஸ்டர், சாம்பார் மாஸ்டர். கடைசியில் கல்லா.

"ஓட்டலில் யாருப்பா சாதி கேட்கிறான்?" என்பார்கள். நேராகக் கேட்பதில்லைதான். "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, தள்ளியா? யாரு சொல்லி வந்த?" என்பார்கள். மூன்றாவது கேள்வியில் எல்லாம் முடிந்துவிடும். ஏனென்றால் சமையலறைக்கு ஆள் எடுப்பது விளம்பரம் போட்டு அல்ல. மாஸ்டர் ஊருக்குப் போய்வரும்போது அக்கா மகனை, மச்சானை, பங்காளி பையனைக் கூட்டிவருவார். சாம்பார் பொடிக்கு எது எத்தனை கிலோ என்ற கணக்கு எந்த நோட்டிலும் இருக்காது. அவர் தலைக்குள் இருக்கும், அக்கா மகனுக்கு மட்டும் இறங்கும். இதைக் "கைப்பக்குவம்" என்கிறோம். எந்தக் கைக்குக் கற்றுத் தருவது என்று முன்பே முடிவாகிவிட்ட பிறகு, அந்தக் கைக்குத்தான் பக்குவம் இருக்கிறது என்று புகழ்கிறோம்.

எனக்கு எப்படிக் கிடைத்தது? ஒரு புரோட்டா மாஸ்டர் அண்ணன், இஸ்லாமியர், ஒரு ரம்ஜான் மாதத்தில் ஆள் குறைந்தபோது, "வாடா தம்பி, மாவை வீசிப் பார்" என்றார். அந்த ஒரு வாசல் திறக்கவில்லை என்றால் நான் இன்றும் பின்கட்டில்தான் நிற்பேன்.

பிற்பாடு ஒரு சைவ ஓட்டலில் சாம்பார், ரசம் எல்லாம் என் பொறுப்பு. முதலாளிக்கு என் கை பிடிக்கும். ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. பெண் வீட்டார் வந்து "மாஸ்டர் யாரு?" என்று கேட்டார்கள். முதலாளி கல்லாவில் இருந்த தன் உறவினரைக் காட்டினார். மூன்று நாள் மண்டபத்துப் பின்புறம் சமைத்தது நான். பந்தி முடிந்ததும் சால்வை போர்த்தியது அவருக்கு. முதலாளியிடம் கேட்டேன். "உனக்குச் சம்பளத்துல குறை வச்சேனா? கஸ்டமர் கேட்டா நான் என்ன செய்ய?" என்றார். சம்பளத்தில் குறை இல்லைதான். நான் சமைத்ததைச் சாப்பிட அவர்களுக்குத் தடையில்லை, நான் சமைத்தேன் என்று தெரிவதுதான் தடை.

தோழர்களே, இந்த மண்ணில் ஓட்டலை வைத்து நடந்த போராட்டம் சின்னதல்ல. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணாளுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்ததைத் தந்தை பெரியாரின் இயக்கம் போராடி 1941-இல் ஒழித்தது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் "பிராமணாள்" என்ற சொல்லை அழிக்கச் சொல்லித் திராவிடர் கழகத் தோழர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள், நூற்றுக்கணக்கில் சிறை சென்றார்கள். அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவான அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, உணவகத்துக்குள் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. இரட்டைக் குவளையை எதிர்த்து ஊர் ஊராக நம் மக்கள் அடிபட்டார்கள்.

அத்தனையும் மேசைக்கான போராட்டம். உட்கார்ந்து சாப்பிடும் உரிமைக்கானது. அதில் பெருமளவு வென்றோம். அடுப்புக்கான போராட்டம் இன்னும் முடியவில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் திரண்டார்கள். சமைத்த கையைத்தான் எதிர்த்தார்கள்.

பலகையில்கூட அந்தச் சொல் வேறு வடிவில் திரும்பி வந்துவிட்டது. சாதிப் பெயர் தாங்கிய மெஸ், சாதிப் பெயர் தாங்கிய பேக்கரி எல்லா ஊரிலும் உண்டு. அது சுவையின் முத்திரையாம். என் சாதிப் பெயரை எழுதி ஒரு மெஸ் திறந்தால் அதையும் சுவையின் முத்திரை என்பீர்களா?

வெளிநாட்டுச் சமையலறை மட்டும் சொர்க்கமா என்று கேட்கலாம். இல்லை. எஸ்காஃபியே என்ற பிரெஞ்சுக்காரர் பெரிய ஓட்டல் சமையலறையை ராணுவப் படைபோல் அடுக்கினார். அங்கேயும் வசவு உண்டு, சூடு உண்டு, அடிமட்ட வேலைக்கு ஏழை நாட்டிலிருந்து வந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் அந்தோணி போர்டெய்ன் சமையலறையின் அலங்கோலத்தை 2000-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார் என்று தோழர் ஒருவர் சொன்னார். அவர் தொடங்கியது பாத்திரம் கழுவும் வேலையில். அந்த ஏணி செங்குத்தானது, ஆனாலும் ஏணி. நம்முடையது படி வைக்காமல் கட்டிய மாடி. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் சொன்னதை விளக்க, எங்கள் பின்கட்டிலிருந்து கல்லா வரை ஒருமுறை நடந்தால் போதும்.

இன்று பின்கட்டில் நிற்பது பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தும், ஒடிசா, பீகார், நேபாளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள். அவர்களை "வடக்கன்" என்று நம் ஆட்களே ஏசுவதைக் கேட்கிறேன். அவன் காலிலும் அதே சேற்றுப்புண்தான். கழிவுத் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. ஆனாலும் ஓட்டல் தொட்டி நிரம்பினால் முதலாளியின் கண் போவது பின்கட்டுப் பிள்ளைகளின் பக்கம்தான்.

என் கோரிக்கைகள் எளியவை. பின்கட்டில் நிற்பவருக்கு ரப்பர் பூட்ஸ், கையுறை, தண்ணீர் வடியும் தரை. ஆறு மாதம் கழுவியவருக்கு அடுப்பில் பயிற்சி என்று எழுத்தில் விதி. பொடிக்கணக்கு சுவரில். அரசு கேட்டரிங் கல்லூரிகளில் படித்து வரும் நம் பிள்ளைகளுக்குச் சமையலறை வேலை. மாஸ்டரின் பெயர் கடையின் முன்னால்.

கடைசியாக, நம் தோழர்களிடம் ஒன்று. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டமே கொண்டுவந்தோம். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. மகிழ்ச்சி. ஆனால் அப்படிப்பட்ட மண்டபங்களிலேயே "சமையல் மட்டும் ஐயர் ஆளுங்க, சுத்தமா இருக்கும்" என்று பெருமையோடு சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். மேடையிலிருந்து இறக்கியவரை அடுப்படியில் ஏன் ஏற்றுகிறோம்? அடுத்த மாநாட்டுக்குச் சமையல் ஒப்பந்தம் பேசும்போது, அடுத்த திருமணத்துக்குப் பந்தி போடும்போது, தலித் மாஸ்டர்களைத் தேடிப் பிடியுங்கள். எங்களில் நிறையப் பேர் இருக்கிறோம். சாப்பிட்டு முடித்ததும் எங்களை முன்னால் கூப்பிட்டு, இவர்தான் சமைத்தார் என்று பெயர் சொல்லுங்கள்.