கண்ணிழந்த கோழியும் அருளின் இலக்கணமும்

 

குறுந்தொகையின் 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு மனைக்கோழியைக் காட்டுகிறார். மாலையில் வேலிப்புறத்தே காட்டுப்பூனை வர, புகுமிடம் அறியாது திகைத்த குஞ்சுகளை அப்பேடை குரல் கொடுத்து அழைக்கிறது. இடர்ப்பொழுதில் குரலே வழிகாட்டி. கண்ணிழந்த கோழிக்கோ எப்பொழுதும் அதுவே வழிகாட்டி.

புழக்கடைக் கோழி பார்வையிழக்கக் காரணங்கள் பல. கொசுக்கள் பரப்பும் அம்மையின் பொருக்கு இமைகளை மூடிவிடும். ஈரக் குப்பையில் எழும் அம்மோனியா விழியைப் புண்ணாக்கும். 1907இல் அங்கேரிக் கால்நடை மருத்துவர் மாரெக் விவரித்த நோயில் கருவிழி சாம்பல்நிறம் பூண்டு பார்வை கெடும், அது மீளாது. அம்மைப் பொருக்கு உதிர்ந்தால் பார்வை மீளவும் கூடும். ஆதலின், கத்தியை எடுக்குமுன் காரணத்தை அறிதல் முதற்கடமை.

கோழிக் கூட்டத்திலும் ஆட்சி உண்டு. எது எதைக் கொத்தலாம் என்னும் வரிசைமுறையை நார்வே அறிஞர் ஷெல்டெரப்-எபே 1922இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். ஓங்கிய அலகைக் காணாத கோழி விலகவும் இயலாது, கடைநிலைக்குத் தள்ளப்படும். 'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா' என்னும் பழமொழி தாய்க்குப் பொருந்தும், கூட்டத்திற்குப் பொருந்தாது.

எனவே, கூட்டத்தின் ஒலி கேட்கும் தொலைவில் வலையடைத்த தனியிடமும், சாதுவான துணைக்கோழி ஒன்றும் வேண்டும். தீனியும் நீரும் நாள்தோறும் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும். கலத்தைத் தட்டித் தீனி வைக்க வேண்டும். தொடுமுன் குரல் கொடுக்க வேண்டும். உறங்க உயர்ந்த கம்பு வேண்டா. வைக்கோல் பரப்பிய தரை போதும்.

இயற்கையும் அதனை முற்றக் கைவிடவில்லை. கண்ணின்றியும் ஒளி மூளையை எட்டி இனப்பெருக்க உறுப்புகளை வளர்க்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பெனுவா 1930களில் வாத்துகளிடம் கண்டறிந்தார். பார்வையற்ற பேடையும் பகல் நீள்வதை உணர்ந்து முட்டையிட வல்லது.

வாழவைத்தல் மட்டுமே அருளாகுமா? உண்டு, இறகு கோதி, மண்ணிற் குளிக்கும் பறவை வாழத்தக்கது. நோவு தணியாது, உண்ணாது மெலியும் பறவையைத் துன்பமின்றி விடுவிப்பதும் அருளே.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் உள்ளம் பெரிது. அவ்வுள்ளத்தோடு, அந்த உயிர்க்கு வேண்டுவது யாது என வினவும் அறிவும் சேர்ந்தால் அருள் நிறைவெய்தும். கண்ணிழந்த கோழிக்கு வேண்டுவது போர்வையன்று. இடம் மாறாத ஒரு நீர்க்கலம்.