தற்காப்பும் கைத்துப்பாக்கியும்

(ஜீவனஹள்ளியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. நமக்குப் பணிக்கப்பெற்ற பொருளோ இரும்பைப் பற்றியது. இரவில் கடை மூடிப் பணப்பையுடன் வீடு திரும்பும் வணிக அன்பர் சிலர், “உடையில் மறைத்து எடுத்துச் செல்லத்தக்க சிறு கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாமா? வாங்கின் எதை வாங்குவது?” என்று வினவினர். செயற்குழுவினரும் இதனையே பேசுக என்றனர். வினா எளிது, விடை அத்துணை எளிதன்று.

துப்பாக்கி நமக்குப் புதியதன்று. 1809ஆம் ஆண்டில் இந்நகரத்துத் தண்டுப் பகுதி அமைந்தபின், படையோடு படையாக வந்து குடியேறிய தமிழர் பலர். மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் இன்றும் அல்சூர் ஏரிக்கரையில் உள்ளது. அக்குடும்பங்களில் பிறந்தோர் நம் ஜீவனஹள்ளியிலும் காக்ஸ் டவுனிலும் பலர் உளர். எனினும் படைவீரன் தோளில் சுமக்கும் படைக்கலம் வேறு. குடிமகன் சட்டைக்குள் மறைத்து வைக்கும் படைக்கலம் வேறு. முன்னது எல்லார் கண்ணுக்கும் தெரியும். பின்னது, உடையவன் ஒருவனுக்கே தெரியும். இவ்வேறுபாட்டிலிருந்தே சிக்கல்கள் யாவும் பிறக்கின்றன.

அக்காலத்தார் இடைக்கச்சில் சுரிகை செருகினர். கச்சில் செருகும் துப்பாக்கி எளிதாய்க் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். அமெரிக்கராகிய ஜான் பிரௌனிங் வகுத்த தட்டையான பிஸ்டல்களைப் பெல்ஜிய நாட்டுத் தொழிற்சாலை ஒன்று ஆயிரக்கணக்கில் செய்து உலகெங்கும் விற்றது. அவ்வகைப் பெல்ஜியப் பிரௌனிங் ஒன்றே 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சிச் சந்திப்பில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது. இரயில் பெட்டியில் அமர்ந்திருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் துரை சுடப்பட்டார். வாஞ்சியும் அந்நிலையத்திலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அச்செயலின் அரசியலை ஆராய்தல் இன்றைய நோக்கமன்று. கோட்டுப்பையில் அடங்கும் கருவி ஒன்று, ஆட்சியரையும் அணுகும் ஆற்றலை ஒரு தனி மனிதனுக்கு அளித்தது என்பதையே ஈண்டுக் குறிக்கிறோம். மறைந்திருக்கும் துப்பாக்கி தாக்குவோனுக்குப் பெருந்துணை.

தற்காப்போனுக்கும் அது அங்ஙனமே துணை செய்யுமா? இதற்கு மற்றொரு நிகழ்ச்சியைக் காண்போம். 1967ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் சென்னை இராமாவரம் தோட்டத்து இல்லத்தில், நடிகர் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆர். அவர்களைச் சுட்டார், பின்னர்த் தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தனர். ராதா சிறைத் தண்டனை பெற்றார். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவாறே எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். ஆயினும் அவருடைய குரல் பழைய குரலாக மீளவேயில்லை. இதில் நாம் கருதத்தக்கது ஒன்று. சுட்டவர் அயலார் அல்லர். பல்லாண்டு உடன் நடித்தவர். சுட்ட இடம் இருண்ட தெரு அன்று, உரையாடிக்கொண்டிருந்த வரவேற்பறை. தொலைவோ கையெட்டும் தொலைவு. அத்தகைய கணத்தில் இடுப்பில் துப்பாக்கி உடையவனும் அதனை உருவி எடுக்க இயலாது. நம்மிடம் வினவிய அன்பர்கள் இதனை முதற்கண் நெஞ்சிற்கொள்ள வேண்டும். வழிப்பறிக்காரன் தன் வருகையை முன்னறிவித்து வருவதில்லை.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் வெள்ளையர்க்கு விலக்களித்து, இந்தியர்க்கு மட்டும் உரிமம் வேண்டும் என்றது. விடுதலைக்குப்பின் 1959ஆம் ஆண்டின் சட்டம் அவ்வேற்றுமையை நீக்கிற்று. அச்சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளுமே இன்று நம்மை ஆள்வன. இருபத்தோராண்டு நிரம்பியவரே விண்ணப்பிக்கலாம். பெங்களூரு நகரில் காவல் ஆணையர் உரிமம் வழங்குவார். உயிருக்கோ உடைமைக்கோ உண்மையான இடர் உண்டென்பதைக் காட்ட வேண்டும். காவல் துறையினர் விசாரித்து அறிக்கை தருவர். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றமைக்குச் சான்றும் வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கத்தக்க படைக்கலங்கள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுட்டு மகிழ்வாரை ஈராண்டு வரை சிறைப்படுத்தவும் அத்திருத்தம் வழிசெய்தது. இது மிக நன்று.

இம்மாநிலத்துக் குடகர்க்கு இச்சட்டத்தில் தனி விலக்கு உண்டு. கைல்போது திருவிழாவில் அவர்கள் துப்பாக்கிக்கு மலர் சூட்டி வழிபடுவர். 2021ஆம் ஆண்டில் கர்நாடக உயர்நீதிமன்றமும் அவ்விலக்கு செல்லும் என்றது. குடகு நண்பர் வீட்டில் கண்டதைக் கொண்டு, நமக்கும் அங்ஙனமே என்று எவரும் எண்ணிவிடல் வேண்டா.

மறைத்து எடுத்துச் செல்லல் குற்றமா என்று கேட்கின்றனர். உரிமம் உடையவர்க்குக் குற்றமன்று. மறைத்தே எடுத்துச் செல்லுதல் வேண்டும் என்பதே விதி. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலிட்டு உடலோடு பிணைக்கப்பட்டோ, தக்க பையினுள் வைக்கப்பட்டோ இருத்தல் வேண்டும். அது முற்றிலும் மூடப்பட்டும், எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருத்தல் வேண்டும். ஆதலின் கடை மேசைமேல் எல்லாரும் காண வைத்து வீரம் காட்டுதல் கூடாது.

நம்மவர்க்குச் சிறப்பாக உரியதொரு எச்சரிக்கை உண்டு. உரிமத்தில் அது செல்லும் எல்லை குறிக்கப்பட்டிருக்கும். கர்நாடக மாநிலத்திற்கு மட்டும் என்று குறித்திருப்பின், அத்திபெலே கடந்து ஓசூரில் கால் வைத்த அளவிலேயே அது உரிமமற்ற துப்பாக்கி ஆகிவிடும். பொங்கலுக்கு வேலூருக்கும் சேலத்திற்கும் வண்டியில் செல்லும் நாம், பையில் இருப்பதை மறந்து சென்றோம் என்று கூறித் தப்ப இயலாது.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருவோம். அயல்நாட்டு இதழ்களில் காணும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களைக் குறித்துக் கனவு காண்பதில் பயனில்லை. 9 மில்லிமீட்டர், .38, .455 ஆகிய அளவுகள் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. 1980களின் நடுவிலிருந்து அயல்நாட்டுக் கைத்துப்பாக்கிகளை வணிகமாக இறக்குமதி செய்தலும் நின்றுபோயிற்று. அதனால் பழைய வெப்ளி ஒன்றிற்கும் கைமாறும்பொழுது இலட்சக்கணக்கில் விலை ஏறுகின்றது. தேய்ந்த குழலுக்கு அத்துணைப் பொருள் ஈவது நமக்கு உடன்பாடன்று. நடைமுறையில் எஞ்சுவன .32 அளவும் .22 அளவுமே. .22 பயிற்சிக்கு நன்று. உயிர் காக்க அதனை நம்புதல் அரிது.

.32 என்ற ஒரே பெயரில் இருவேறு தோட்டாக்கள் உள்ளன. ரிவால்வருக்கு உரியது நீண்டது, அதன் குண்டு ஏறத்தாழ ஆறரை கிராம் எடையுள்ளது, மெல்லச் செல்வது. பிஸ்டலுக்கு உரியது பிரௌனிங் வகுத்த குறுந்தோட்டா, அதன் குண்டு ஏறத்தாழ நாலரை கிராம், விரைந்து செல்வது. ஒன்றற்குரியதை மற்றொன்றில் இடலாகாது. கடைக்காரரிடம் “முப்பத்திரண்டு தோட்டா கொடும்” என்று மட்டும் கேட்பது, மருந்துக் கடையில் “சிவப்பு மாத்திரை கொடும்” என்று கேட்பதை ஒக்கும்.

நம் நாட்டில் இவற்றைச் செய்தது படைக்கலத் தொழிற்சாலை வாரியம். 2021ஆம் ஆண்டு அக்டோபரில் அவ்வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாயிற்று. அவற்றுள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் கைத்துப்பாக்கிகளைச் செய்கின்றது. நம் திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையும் அதன் கீழதே. அசனி என்னும் பெயருடையது பிஸ்டல், தட்டையானது, சட்டைக்குள் புடைத்துத் தோன்றாது. தில்லியில் 2012ஆம் ஆண்டு நிகழ்ந்த கொடுமைக்குப்பின், 2014ஆம் ஆண்டு ஜனவரியில் பெண்களைக் கருதி வெளியிடப்பட்டது நிர்பீக் என்னும் ரிவால்வர். எடை 500 கிராம், ஆறு தோட்டா, அன்றைய விலை ஒரு இலட்சத்து இருபத்தீராயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். பெண்களைக் காக்க வேண்டிய அரசு, அவர்கள் கையில் விலையுயர்ந்த துப்பாக்கியைத் திணிக்கிறதோ என்று அன்றே பெண்ணுரிமையாளர் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. மாவுப் பொருட்காட்சியில் கூலி வேலை செய்து திரும்பும் பெண் அவ்விலைக்கு எங்கே போவாள்? 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரபல் என்ற ரிவால்வர் வந்தது. தோட்டா நீங்கலாக 675 கிராம். குழல் 76 மில்லிமீட்டர். சுழல் உருளை பக்கவாட்டில் திறப்பதால் தோட்டா இடுதல் எளிது.

பிஸ்டலா ரிவால்வரா? நம் கருத்து ரிவால்வர் என்பதே. பிஸ்டலில் தோட்டா மிகுதி; வடிவும் ஒடுக்கம்; உண்மைதான். ஆயினும் அதில் தோட்டா சிக்கினால் நீக்கும் முறையைக் கைகள் நன்கு பழகியிருத்தல் வேண்டும். தோட்டாப் பெட்டியைக் கழற்றியபின்னும் குழலின் அறையில் ஒரு தோட்டா எஞ்சியிருக்கக்கூடும். அதனை அறியாது “வெறுந்துப்பாக்கி” என்று எண்ணி விசையை அழுத்தி, வீட்டாரையே சுட்டோர் உலகெங்கும் உண்டு. ரிவால்வரில் உருளையைத் திறந்து நோக்கின் ஆறு அறைகளும் கண்முன் நிற்கும். தோட்டா ஒன்று வெடிக்காவிடின் மீண்டும் விசையை இழுத்தால் அடுத்தது வரும். ஆண்டிற்கு இருமுறை பயிற்சி செய்பவர்க்கு எளிய கருவியே ஏற்றது.

எடையைக் குறித்து ஒரு மயக்கம் உண்டு. இலேசாக இருப்பின் நன்று என்பர். சுமப்பதற்கு நன்று, சுடுவதற்கு அன்று. எடை குறையக் குறையப் பின்னுதைப்பு மிகும். குழல் குறுகக் குறுகக் குறி தவறும். கடையில் கையில் ஏந்திப் பார்த்துப் பூரிப்பது போதாது. கைப்பிடி உள்ளங்கையை நிறைக்கின்றதா, சுட்டுவிரல் விசையை எட்டுகின்றதா, விரல் நடுங்காமல் விசை முழுதும் இழுபடுகின்றதா என்று ஆராய்தல் வேண்டும். வீட்டில் பெண்மணியும் உரிமம் பெறுவாராயின் அவரே வந்து தேர்தல் வேண்டும். கணவர் கைக்கு அளவெடுத்த துப்பாக்கி மனைவி கைக்குப் பொருந்தாது. துப்பாக்கிக்கு ஆயிரங்களைச் செலவிடுவோர் உறைக்குக் கஞ்சத்தனம் காட்டுவதையும் கண்டிருக்கிறோம். விசையை முற்றிலும் மூடும் கெட்டியான உறையே வேண்டும். காற்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு துப்பாக்கியையும் இடுதல் பேதைமை.

சுடும் உரிமை எப்பொழுது உண்டு? 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதனைக் கூறும். உயிருக்கோ கொடுங்காயத்திற்கோ அச்சம் நேரும்பொழுது உண்டு. கொள்ளை, இரவில் கன்னமிட்டுப் புகுதல் முதலியவற்றிலும் உண்டு. ஆயினும் காப்பிற்கு வேண்டிய அளவினும் மிகுதியாகத் தீங்கு செய்தல் கூடாது; காவலரை அழைக்கப் பொழுது இருப்பின் அவ்வுரிமையே இல்லை. பணப்பையைப் பறித்துக்கொண்டு திரும்பி ஓடுபவனின் முதுகில் சுட்டவர், தம்மைக் காத்துக்கொண்டவர் என்று நீதிமன்றத்தில் நிற்றல் மிக அரிது. குறி தவறிய குண்டு நம் குறுகிய தெருவில் எந்தச் சன்னலுக்குள் புகும் என்பதையும் எண்ணுக.

ஆதலின் வினவிய வணிக அன்பர்க்கு நாம் கூறியது இது: முதலில் பணத்தை நாள்தோறும் வங்கியில் செலுத்துக, ஒரே நேரத்தில் ஒரே வழியில் செல்லற்க, இருவராகச் செல்க. இவற்றின் பின்னும் மெய்யான மிரட்டல் உண்டாயின் விண்ணப்பிக்க. மாதம் ஒருமுறையேனும் பயிற்சிக்களம் செல்ல ஒழிவு இல்லாதவர் வாங்காதிருத்தலே நன்று. வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டியில் வைக்க. தோட்டாவை வேறிடத்தில் பூட்டுக. குடிப்பழக்கம் உள்ள இல்லத்திலும், மனம் உடைந்தவர் உள்ள இல்லத்திலும் அது இருத்தலே ஆகாது. தேர்தல் காலத்தில் ஒப்படைக்குமாறு ஆணை வரின், காவல் நிலையத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குக.

இறுதியாக, முதியோர் சிலர் தனியே வந்து கேட்டதற்கும் விடை கூற வேண்டும். படையில் பணியாற்றிய தந்தையாரோ பாட்டனாரோ விட்டுச் சென்ற பழைய ரிவால்வர் பரணில் கிடக்கின்றது. என் செய்வது என்றனர். உரிமம் உடையவர் மறைந்த அன்றே அவ்வுரிமம் முடிந்தது. மரபுரிமையால் அது தானே மக்களுக்கு வாராது. உடனே அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு பெறுக. அதன்பின் வேண்டுமாயின் வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். அது .455 அளவினதாயின் தடைசெய்யப்பட்டது. வழக்கறிஞர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்க. துருப்பிடித்ததுதானே என்று குப்பையில் எறிதல் வேண்டா. எறிந்ததை எடுப்பவன் எத்தகையவன் என்பதை நாம் அறியோம்.