பள்ளிப் பிள்ளைகளின் வழிப்பயணம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் முன்னோர் ஊர்களை வகுத்தபொழுது தெருக்களை நேராகவும் அகலமாகவும் அமைத்தார்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை தெருக்கோடி திரும்பும்வரை வாசலில் நிற்கும் அப்பத்தாவின் கண்ணிற் பட்டுக்கொண்டே இருப்பான். இன்றோ நம் குடும்பங்கள் பல சென்னை, மதுரை, கோவை முதலிய நகரங்களிற் குடியேறிவிட்டன. அங்கே காலையிற் பிள்ளையை ஒரு வண்டியில் ஏற்றிவிட்டால், மாலை வரையில் அவன் பிறர் பொறுப்பு. பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தாலும் இரவெல்லாம் விழித்துத் தேடும் மரபினர் நாம். அவ்வண்டியின் அடித்தளத்தை ஒருமுறையேனும் குனிந்து பார்த்தவர் இச்சபையில் எத்தனை பேர்?

காரணமின்றிக் கேட்கவில்லை. 2012-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் மாலை, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளி விட்டு வீடு திரும்பிய இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே கீழே விழுந்து, அதே வண்டியின் பின்சக்கரத்திற் சிக்கி மாண்டாள். அவ்வண்டிக்குத் தகுதிச் சான்று அண்மையிற்றான் வழங்கப்பெற்றிருந்தது என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு பதைக்கிறது. முத்திரையிட்ட காகிதம் இருந்தது, தளம் இல்லை. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கைக் கையிலெடுத்தது. அவ்வாண்டிலேயே பள்ளி வாகனங்களுக்கென அரசாங்கத்தார் தனி விதிகள் வகுத்தனர்.

இதற்கு முன்னரும் விதிகள் இல்லாமலில்லை. 1997-இல் தில்லியில் பள்ளிப் பேருந்தொன்று யமுனையில் வீழ்ந்து பல குழந்தைகள் இறந்தபின், உச்சநீதிமன்றமே வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது, கதவுகளுக்கு நல்ல தாழ் வேண்டும், பிள்ளைகளைப் பேணத் துணையாள் வேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்டது. ஆயினும் 2009 டிசம்பரில் வேதாரணியத்துக்கு அருகே ஒரு பள்ளி வேன் குளத்திற் பாய்ந்து, பிள்ளைகளோடு அவர்தம் ஆசிரியையும் மூழ்கி இறந்தனர். விதி ஏட்டில் இருக்கும்; வண்டி தெருவில் ஓடும். இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டியவர் யார்? அதிகாரிகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் வாடகை கொடுப்பவர் நாம். வாடகை குறைவென்பதற்காகப் பன்னிரண்டு பிள்ளைகளை அடைத்துச் செல்லும் ஆட்டோவைத் தேடிப்பிடிப்பவரும் நாமேயன்றோ!

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். பதினாறு வயதுப் பேரனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுப்பதைச் செல்லமென்று எண்ணும் ஐயாமார் நம்மிடையே உண்டு. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, உரிய வயது எய்தாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றமிழைத்தால், காப்பாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடையாது. அபராதத்தைக் கட்டிவிடலாம், கால் போனால் எதைக் கட்டுவது?

ஜப்பான் தேசத்தில் ஒரே தெருச் சிறுவர்கள் மூத்த மாணவனை முன்னிட்டுக் கூட்டமாக நடந்தே பள்ளி செல்கின்றனர். பள்ளி அருகிலிருப்போர் இதனைக் கைக்கொள்ளலாம். வண்டியில் அனுப்புவோர்க்கு என் வேண்டுகோள் இது: ஒவ்வொரு நகரிலும் நம்மவருள் ஓய்வுபெற்ற இருவர், மாதம் ஒருமுறை, நம் பிள்ளைகள் ஏறும் வண்டிகளின் தளம், கதவு, தாழ், அவசர வழி இவற்றை நேரிற் பார்த்து, ஓட்டுநரின் உரிமத்தையும் கேட்டு, கண்டதைச் சங்கத்துக்கு எழுதியனுப்ப வேண்டும். சென்னைக்கு ஒருவர் இப்பொழுதே இசைந்துள்ளார். மற்றையோர் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் தம் பெயரைக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.